செம்பு அண்டாவும் பேராசிரியர் பதவியும்

"பதினோராவது ஸ்லைடை எடுத்துடு ஸ்மில்யா!"

"எடுக்க மாட்டேன்."

"ஒண்ணே ஒண்ணுதானே கேக்கறேன்? பத்து இருக்கட்டும். பன்னெண்டு இருக்கட்டும். உன் கம்பெனி சின்னத்தப் பெருசாப் போட்ட அந்த நாலும் இருக்கட்டும். பதினொண்ணு மட்டும் வேண்டாம்."

"ராதே, பதினொண்ணுதான் என் பேச்சே. மத்ததெல்லாம் வணக்கமும் நன்றியும்."

"திங்கக்கிழமை எனக்கு ஓட்டெடுப்புடி!"

"திங்கக்கிழமை எனக்கும்தான். என் லேப்பை மூடறதா வேண்டாமான்னு."

"மெதுவாப் பேசு. கீழ ருமெங்கா அக்கா கேட்டுக்கிட்டிருப்பா."

"கேக்கட்டும். அவளுக்கும் வேதியியல் தெரியும்."

பிறகு ஏதோ உடைந்தது. காப்பிக் கோப்பை. ஆய்வகக் குடுவையாக இருந்தால் சத்தம் மெலிதாக, ஊசி விழுந்த மாதிரி சிதறும். முப்பத்தொரு வருடம் பல்கலைக்கழகத்தில் குடுவை கழுவியவளுக்கு இது கூடவா தெரியாது.

நான் ஒட்டுக்கேட்பவள் அல்ல. எங்கள் அடுக்குமாடியைக் கட்டியவர்கள் மூன்றாம் மாடிக் குளியலறைக்கும் இரண்டாம் மாடிக் குளியலறைக்கும் ஒரே காற்றுப்போக்கி வைத்துவிட்டார்கள். அந்தப் புகாரைக் கட்டியவர்களிடம்தான் சொல்ல வேண்டும். அன்று வியாழக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு நான் குளியலறையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால், குளியல் தொட்டியில் இருபது கிலோ சிவப்புக் குடைமிளகாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்டோபர் மாதத்தில் மொராவா ஆற்றின் இந்தக் கரையில் வேறு என்ன செய்வார்கள்? வறுத்து, தோலுரித்து, அய்வார் என்ற சிவப்புத் துவையலாகக் கிண்டி, பாட்டிலில் அடைத்தால்தான் குளிர்காலம் ஓடும்.

மேல்வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்கிறேன். ராதிவோய், மனைவி வாயில் ராதே, எங்கள் பல்கலைக்கழக வேதியியல் துறையில் இணைப் பேராசிரியர். நல்ல மனிதர். மாடிப்படியில் பார்த்தால் கையிலிருக்கும் சுமையை வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொண்டதை மறந்து தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். நாம் ஏறிப்போய்த் திரும்ப வாங்கிவர வேண்டும். ஸ்மில்யா ஆற்றுக்கு அக்கரையில் மருந்து மூலப்பொருள் தொழிற்சாலையில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவி. தலைவி என்றால் அவளுக்குக் கீழே மூன்று பேர். கேக்குக்கு மாவு எடுப்பதென்றாலும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். இருவருக்கும் பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கை. அதில் பதினேழு வருடம் எனக்கு நன்றாகத் தெரியும். மீதி இரண்டு வருடம் அவர்கள் வேறு கட்டடத்தில் இருந்தார்கள்.

ராதிவோய்க்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு வினை. நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். இரண்டு கரி வளையங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்க வேண்டும். உலகம் முழுக்க அதற்கு ஏதாவது ஓர் உலோகத்தைப் போடுகிறார்கள், பெரும்பாலும் தங்கத்துக்குச் சமமான விலையுள்ள ஓர் உலோகம். ராதிவோய் அதை எந்த உலோகமும் இல்லாமல் செய்துகாட்டினார். தண்ணீர், கொஞ்சம் சோடா, பன்னிரண்டு மணி நேரச் சூடு. அவ்வளவுதான். கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. தலைப்பிலேயே 'உலோகம் இல்லாமல்' என்று இருந்தது. துறைத்தலைவர் ஒப்ராத் ஐயா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டினார். ஆணி அடித்தது நான்.

அந்த வினையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனதுதான் வினையாகிவிட்டது. டைரக்டர் நெபோய்ஷாவுக்கு உலோகம் வாங்காத வழி என்றதும் வாயெல்லாம் பல். ஐந்நூறு லிட்டர் கலன் ஒன்றை ஸ்மில்யாவுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். உள்ளே பீங்கான் பூச்சு போட்ட அழகான கலன். அதில் வளையம் ஒட்டவில்லை. வெப்பத்தைக் கூட்டினாள், குறைத்தாள், கலக்கியை மாற்றினாள், சோடாவை மாற்றினாள். இரண்டு வருடம் ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்து கணவனைக் கேட்டால், "என் லேப்புல ஒட்டுதே" என்பார். அவர் லேப்பில் ஒட்டத்தான் செய்தது.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்மில்யா செருப்பைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். காப்பி போட்டேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, உங்க துறையில காய்ச்சி வடிச்ச தண்ணி யாரு பிடிச்சு வைக்கிறா?"

"நான்தான். வேற யாரு?"

"எனக்கு அஞ்சு லிட்டர் வேணும். ராதேவுக்குத் தெரிய வேண்டாம்."

"தண்ணிதானே, பத்து லிட்டர் கூட எடுத்துக்கோ. ஏன், உங்க ஃபேக்டரில தண்ணிப் பஞ்சமா?"

"எங்க தண்ணி ரொம்பச் சுத்தம் அக்கா. அதான் பயமா இருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொடுத்தேன். அடுத்த வாரம் பழைய ஆய்வுக் குறிப்பேடுகளைப் புரட்ட வேண்டும் என்றாள். அதையும், மாதம் குறித்துச் சீட்டு ஒட்டிய பழைய தண்ணீர்ப் பாட்டில்களையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். குறிப்பேட்டில் எத்தனை சதவீதம் ஒட்டியது என்ற விளைச்சல் எண்ணோடு அவள் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த தேதியையும் பார்த்தாள். நவம்பரில் தொண்ணூற்றிரண்டு சதவீதம். பிப்ரவரியில் எண்பது. ஜூலையில் அறுபது. மறுபடி நவம்பரில் தொண்ணூறு. ராதிவோய் ஓரத்தில் பென்சிலால் 'கோடைக் காற்றின் ஈரப்பதமா?' என்று எழுதியிருந்தார். ஸ்மில்யா அந்த வரியைப் பார்த்துச் சிரித்தாளே ஒரு சிரிப்பு, எனக்கே அவர்மேல் இரக்கமாகிவிட்டது.

சங்கதி இதுதான். எங்கள் நாட்டின்மேல் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் துறையின் கண்ணாடி வடிகருவி உடைந்துபோயிற்று. உதிரிப் பாகம் எந்த நாட்டிலிருந்தும் வராது. ஒப்ராத் ஐயா தன் ஊரிலிருந்து அவர் அப்பாவின் செம்பு அண்டாவைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார். பிளம்பழச் சாராயம் காய்ச்சும் அண்டா. அதைச் சோதனைச்சாலை மூலையில் வைத்துத் தண்ணீர் வடிக்க ஆரம்பித்தோம். தடை போயிற்று, அண்டா போகவில்லை. பதினோரு மாதம் தண்ணீர் வடிக்கும். அக்டோபரில் மூன்று வாரம் தன் பழைய தொழிலுக்குப் போய்விடும். துறையில் எல்லோரும் பிளம்பழ ஊறல் கொண்டுவருவார்கள். வேதியியலாளர்கள் காய்ச்சிய சாராயம் என்று எங்கள் ஊரில் அதற்குத் தனி மரியாதை. நவம்பர் முதல் தேதி இரண்டு தடவை அலசிவிட்டு மறுபடி தண்ணீர். ஊறலின் புளிப்பு செம்பைக் கொஞ்சம் கரைத்துவிடும். அது தண்ணீரில் இறங்கும். பாட்டிலில் 'காய்ச்சி வடித்த நீர்' என்று சீட்டு ஒட்டுவது நான். கட்டுரையில் 'காய்ச்சி வடித்த நீர்' என்று எழுதியது அவர். இரண்டும் பொய்யில்லை. உலோகமே இல்லாத வினையில் அத்தனை வருடமும் செம்பு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் முற்றத்தில் தகர அடுப்பை வைத்து மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். ஸ்மில்யா வேலைக்குப் போகாமல் இறங்கி வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கெதிரே தோலுரிக்க உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. மிளகாய்ப் புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"தூங்கலையா?" என்றேன்.

"அவன் ஹால்ல படுத்தான். நடுவுல எந்திரிச்சு வந்து, 'அடுத்த வருஷக் கருத்தரங்குல சொல்லு'ங்கறான். அடுத்த வருஷம் எனக்கு லேப் இருக்குமா அக்கா?"

"டைரக்டர்கிட்டத் தனியா சொல்லிப் பாக்கலாமே?"

"நாலு தடவ சொல்லிட்டேன். 'உன் புருஷனே அச்சுல போட்டிருக்கான், அச்சுல வந்தது அச்சுல வந்ததுதான்'ங்கறாரு. 'கருத்தரங்குல எல்லார் முன்னாடியும் சொல்லு. புரொபசருங்க ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கறேன். இல்லன்னா திங்கக்கிழமை உன் பிரிவ மூடிட்டு, உன்னை டப்பா ஒட்டற பிரிவுக்கு மாத்தறேன்'னாரு. என் கீழ இருக்கற மூணு பேருக்கு டப்பாப் பிரிவு கூடக் கிடையாது. வீட்டுக்குத்தான்."

"அவருக்கும் திங்கக்கிழமை பேராசிரியர் பதவிக்கு ஓட்டெடுப்புங்கறாரே."

"அந்தக் கட்டுரைய நம்பித்தானே ஓட்டே. நேத்து சொல்றான், 'என்னைக் கோமாளியாக்கப் பாக்கறே'ன்னு. நான் ஆக்கணுமா அக்கா?" மிளகாயின் காம்பை வெடுக்கென்று பிடுங்கினாள். "அவன் பொய் சொல்லல. அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாம இருந்தது தப்பில்ல. இப்பத் தெரிஞ்சுடுச்சே, அதான் தப்பு."

அவள் போன பத்து நிமிடத்தில் அவர் வந்தார். அதே முக்காலி. மிளகாயை மட்டும் தொடவில்லை.

"அக்கா, ஒரு உதவி."

"சொல்லுங்க."

"நாளைக்கு யாராவது தண்ணியப் பத்திக் கேட்டா, கண்ணாடிக் கருவியில வடிச்சதுன்னு சொல்லிடுங்க."

"நம்மகிட்டக் கண்ணாடிக் கருவி எங்க இருக்கு?"

"இருந்துதே."

"பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஒடஞ்சுது. நீங்கதான் ஒடச்சீங்க."

"அப்ப... யாரும் கேக்க மாட்டாங்க," என்றார். "எனக்கு அம்பத்திரண்டு வயசாச்சு அக்கா. இதுக்கப்புறம் ஒப்ராத் ஐயா இடம் காலியாகறப்ப வேற யாராவது வந்து உக்காந்துடுவாங்க. என் வாழ்க்கையில நான் கண்டுபிடிச்சது அது ஒண்ணுதான்."

வறுத்த மிளகாய் ஒன்றை ரொட்டியில் வைத்து உப்புப் போட்டுக் கொடுத்தேன். தின்றுவிட்டு, என் இடுக்கியை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டார்.

சனிக்கிழமை கருத்தரங்கு. வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வட்டார வேதியியலாளர்கள் எல்லோரும் கூடுவது. பெயரட்டை கொடுப்பதும் காப்பி ஊற்றுவதும் என் வேலை. ஆகவே இதை நான் காதால் கேட்டுச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

காப்பி மேசைக்கு இடது பக்கம் பல்கலைக்கழகத்தார், கம்பளிச் சட்டை. வலது பக்கம் தொழிற்சாலைக்காரர்கள், கோட்டு. இடது பக்கம் போனால், "அவங்க டன் கணக்குல காய்ச்சிட்டு, என்ன காய்ச்சினோம்னு சொல்ல மாட்டாங்க" என்பார்கள். வலது பக்கம் வந்தால், "இவங்க ஒரு சிட்டிகை காய்ச்சிட்டு ஊரெல்லாம் சொல்லுவாங்க" என்பார்கள். இரண்டு பக்கமும் சர்க்கரை மட்டும் ஒரே அளவு எடுத்தார்கள். அரங்கத்தின் சன்னல்கள் எல்லாவற்றையும் ஒப்ராத் ஐயா சாத்தச் சொல்லிவிட்டார். காற்று குறுக்கே அடித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பதில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எண்பது பேர் மூச்சுவிட்டு அரங்கம் பத்து மணிக்கே அடுக்களை மாதிரி ஆகிவிட்டது.

முதலில் தரை கழுவும் திரவத் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் பேசினார். 'பொருள் அ'வையும் 'பொருள் ஆ'வையும் 'தகுந்த சூட்டில்' கலந்தால் 'பொருள் இ' வரும் என்று இருபது நிமிடம் சொன்னார். என்ன பொருள் என்று ஒருவர் கேட்டார். ரகசியம் என்றார். எவ்வளவு சூடு என்று இன்னொருவர் கேட்டார். தகுந்த சூடு என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து நம்மவர்கள். ஒப்ராத் ஐயாதான் நிகழ்ச்சி நிரல் போட்டது. 'ஒரே கூரையின் கீழ்: கல்வியும் தொழிலும்' என்று அமர்வுக்குப் பெயர் வைத்து, கணவனையும் மனைவியையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தார். ஆளுக்கு இருபது நிமிடம். இந்த யோசனையைப் பற்றி அவர் மாதக்கணக்காகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரு மணி. நேரம் முடிந்தால் அடிப்பார், விழித்திருந்தால்.

ராதிவோய் மேடையேறினார். பூமியில் தண்ணீர் எப்படித் தோன்றியது என்று ஆரம்பித்தார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்மில்யாவுக்கு எனக்கும் முன்னாலேயே புரிந்திருக்கும். பத்தாவது நிமிடத்தில் மனுஷர் வால்நட்சத்திரங்களில் இருந்தார். இருபதாவது நிமிடத்தில்தான் சோடாவுக்கு வந்தார். ஒப்ராத் ஐயாவின் தாடை நெஞ்சில் இறங்கியிருந்தது. நான் வேண்டுமென்றே காப்பிக் கோப்பைகளை ஒன்றோடொன்று இடித்துப் பார்த்தேன். அசையவில்லை. முப்பத்தெட்டாவது நிமிடம் "நன்றி" என்றார் ராதிவோய். அதற்கு வந்த கைதட்டலில் ஐயா விழித்து மணியை அடித்தார்.

"அருமை, அருமை. நேரம் ஆயிடுச்சு. ஸ்மில்யா அம்மாவோட பேச்ச நாம... சுவரொட்டியா மாத்திக்கலாம். மத்தியானம் நடைபாதையில எல்லாரும் பாக்கலாம்."

"என்கிட்ட சுவரொட்டி இல்லையே ஐயா," என்றாள் ஸ்மில்யா.

"ஒரு தாள்ல எழுதி ஒட்டிடும்மா. சரி, ஒரே ஒரு கேள்விக்கு நேரமிருக்கு."

எழுந்தது டைரக்டர் நெபோய்ஷா. வலது பக்கத்திலேயே நல்ல கோட்டு அவருடையதுதான்.

"கேள்வி இல்ல, ஒரு கருத்து," என்று ஆரம்பித்தார். கேள்வி நேரத்தில் எழுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "முப்பத்தெட்டு நிமிஷம் கேட்டோம். வினை நடக்குதுன்னு தெளிவாயிடுச்சு. அப்ப கோளாறு எங்க? என் வீட்டுலதான். ரெண்டு வருஷம், ஐந்நூறு லிட்டர் கலன், மூணு உதவியாளருங்க. சமையல் குறிப்பப் பாத்துச் சமைக்கத் தெரியாதவங்க உண்டு, ஒத்துக்கறேன். ஆனா சொந்தப் புருஷன் எழுதின குறிப்ப வெச்சே சமைக்கத் தெரியலன்னா, அவங்களை என்ன செய்யறது? திங்கக்கிழமை முடிவெடுத்துடுவேன். நன்றி."

வலது பக்கம் சிரித்தது. இடது பக்கமும் சிரித்தது, கொஞ்சம் தாமதமாக. ஸ்மில்யா மடியிலிருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

ராதிவோய் மேடையை விட்டு இறங்கப் படியில் ஒரு கால் வைத்திருந்தார். அந்தக் காலை மறுபடி மேலே எடுத்தார்.

"டைரக்டர் சார், இப்ப என்ன சொன்னீங்க?"

"உங்களைப் புகழ்ந்துதானே சொன்னேன்."

"என்னைச் சொன்னதக் கேக்கல. இவளைச் சொன்னீங்களே, அதக் கேக்கறேன்." அவர் கழுத்து அய்வார் நிறத்துக்கு வந்திருந்தது. "பத்தொம்பது வருஷமா இவகூடக் குடும்பம் நடத்தறேன். இவகிட்டக் குறையில்லன்னு சொல்லல. வேணும்னா உக்காருங்க, பட்டியல் போட்டுத் தர்றேன். பிடிவாதம். வாய். என் சட்டையெல்லாத்தையும் நிறவாரியா அடுக்கிட்டு எதையும் எடுக்க விடமாட்டா. ஆனா இவ ஒரு தடவ தப்பா அளந்து நான் பாத்ததில்ல. இவளுக்கு வினை நடக்கலன்னா, நடக்கலன்னுதான் அர்த்தம்!"

அவர் திரும்பிக் கணினியில் எதையோ தேடினார். மனைவியின் பெயர் போட்ட கோப்பைத் திறந்தார். வணக்கம் ஓடியது, தொழிற்சாலைச் சின்னம் ஓடியது, பதினொன்றில் நிறுத்தினார். மாதம், விளைச்சல், தண்ணீரில் இருந்த செம்பின் அளவு. மூன்று வரிசை. நவம்பரில் விளைச்சலும் செம்பும் உச்சியில்.

"வினை நடக்குது," என்றார். "எங்க கட்டடத்துல மட்டும். ஏன்னா எங்க தண்ணில செம்பு இருக்கு."

"எந்தத் தண்ணில?" என்றது பின்வரிசைக் குரல்.

"வருஷத்துல மூணு வாரம் சாராயமா இருக்குமே, அந்தத் தண்ணில."

அரங்கத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் கூரையைப் பார்த்தார்கள். கூரையைப் பார்த்தவர்களில் யார் யார் வீட்டில் அந்த அண்டாவின் பாட்டில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஊற்றிக் கொடுத்தவள் நானல்லவா. ஒப்ராத் ஐயா முழுதாக விழித்துவிட்டார்.

ராதிவோய்க்குப் பாரம் இறங்கிவிட்டது போல. முகம் தெளிந்தது. கையில் சுட்டுக்கோலை எடுத்தார், நிமிர்ந்து நின்றார், வகுப்பெடுக்கும் குரல் தானாக வந்துவிட்டது.

"ஆக, நண்பர்களே, நாங்கள் கண்டுபிடித்தது என்னவென்றால்..."

"யாரு நாங்க?"

ஸ்மில்யா எழுந்து நின்றிருந்தாள்.

"இல்ல ஸ்மில்யா, அறிவியல்ல அப்படிச் சொல்றது வழக்கம்..."

"நான் குறிப்பேட்டப் புரட்டினப்ப நீங்க எங்க இருந்தீங்க? நான் தண்ணிய அளந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? முந்தாநாள் 'எடு எடு'ன்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சினப்ப, அதுவும் நீங்களா?"

"எல்லார் முன்னாடியும் ஏன்டி..."

"எல்லார் முன்னாடியும்தானே 'நாங்கள்'னு சொன்னே? இறங்கு."

"முடிவுரை மட்டும் சொல்லிட்டு..."

"ராதே. இறங்கு."

இறங்கினார். படியில் இருவரும் எதிரெதிரே வந்தபோது அவள் கைப்பையை அவர் கையில் திணித்துவிட்டு மேலே போனாள். அவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒப்ராத் ஐயா மணியைத் தொடவில்லை.

அவள் பேச்சைப் பற்றி நான் என்ன சொல்ல? எனக்குப் பாதி புரிந்தது. ஆனால் எண்பது பேரில் ஒருவர் கூடத் தூங்கவில்லை. அதை நான் எண்ணிப் பார்த்தேன். முடிந்ததும் கேள்விகள். நான் முப்பத்தொரு வருடத்தில் கேட்டதிலேயே உருப்படியான கேள்விகள். கனிமவியல் துறையில் ஓய்வு பெற்ற வீதோசாவா அம்மா எழுந்தாள்.

"முதல்ல வடியறதுல புளிப்பு அதிகமா, கடைசியில வடியறதுல அதிகமா?"

ஸ்மில்யா யோசித்தாள். பதில் வேறொரு இடத்திலிருந்து வந்தது.

"கடைசியில," என்றார் ஒப்ராத் ஐயா. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பொதுவா அப்படின்னு சொல்லக் கேள்வி."

"அண்டாவச் சாராயத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல எப்படிக் கழுவுவாங்க?" என்றார் தரைத் திரவக்காரர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காப்பிக் குடுவையைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு தடவ அலசுவேன்."

"தேய்க்க மாட்டீங்களா?"

"தேய்க்கக் கூடாதுன்னு ஐயா உத்தரவு. தேய்ச்சா அடுத்த வருஷம் ருசி போயிடும்னு சொல்லியிருக்காரு."

அப்புறம் அரங்கமே சிரித்தது. வீதோசாவா அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, ஒப்ராத் ஐயாவே எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தார். சன்னலைக் கூட ஒன்று திறந்துவிட்டார்கள்.

டைரக்டர் நெபோய்ஷா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் கலன்ல என்ன போடணும்?" என்று கேட்டார்.

"ஒரு கைப்பிடி செம்புக் கம்பி போதும்," என்றாள் ஸ்மில்யா.

"அவ்வளவுதானா? இத ஏன் முன்னாடியே என்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன். நாலு தடவ."

"எப்ப?"

"தேதி வேணுமா?" என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார்.

அன்று மாலை விருந்துக்கு இருவரும் வரவில்லை. வீட்டுக்கு நடந்தே போனார்கள். நான் பின்னாலேயே போனேன், எனக்கும் அதுதான் வழி. பாலத்தில் அவர், "கட்டுரையத் திரும்ப வாங்கிக்கறேன்னு பத்திரிகைக்கு எழுதணும்" என்றார். "நான் எழுதித் தர்றேன், நீ எழுதினா வால்நட்சத்திரத்துல ஆரம்பிப்பே" என்றாள். கைப்பை இன்னும் அவரிடம்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஓட்டெடுப்பில் ஏழு பேரில் மூன்று பேர் அவருக்குக் கை தூக்கினார்கள். தூக்காத நாலு பேரும் சனிக்கிழமை கூரையைப் பார்த்தவர்கள். பேராசிரியர் பதவி கைநழுவிப் போயிற்று. நடைபாதையில் இருந்த சட்டத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றியதும் நான்தான். அக்கரையில் ஸ்மில்யாவின் பிரிவை மூடவில்லை. செம்புக் கம்பி போட்ட முதல் நாளே வளையம் ஒட்டிவிட்டது. இது என் யோசனை என்று நெபோய்ஷா செய்தித்தாளில் பேட்டி கொடுத்தார். அடுத்த வருடமே அவரைத் தலைநகரத்துக்கு அழைத்து, அமைச்சகத்தில் ஆலோசகராக்கினார்கள். அவர் இப்போது பெல்கிரேடில் இருக்கிறார். என்ன ஆலோசனை சொல்கிறார் என்பது தெரியவில்லை.

ஒப்ராத் ஐயா ஓய்வு பெற்றார். எழுபத்தொரு வயதில் வீதோசாவா அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு அவளுடைய ஊருக்குக் குடிபோய்விட்டார். இரண்டு பேருக்கும் பேசுவதற்கு அவ்வளவு இருக்கிறதாம். ஆச்சரியம்தான், இருபது வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும் வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை.

ஸ்மில்யாவை ஸ்லோவேனியாவில் ஒரு மருந்துக் கம்பெனி கூப்பிட்டது. அவர்களுடைய ஆள் ஒருவர் அன்று நான்காவது வரிசையில் இருந்திருக்கிறார், பெயரட்டை கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. பிப்ரவரியில் இரண்டு பெட்டியோடு போனாள். ராதிவோய் போகவில்லை. எனக்கும் ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா என்றார். அந்தக் கௌரவத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதம் டப்பா மீன் சாப்பிட்டார். மே மாதம் ஒரு காலையில் காரின் கூரைமேல் மெத்தையை வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சட்டைகள் பின் இருக்கையில், நிறவாரியாக.

"கிளம்பிட்டீங்களா?" என்றேன்.

"அவ லேப்ல ஒரு வேலை காலியிருக்காம் அக்கா. விண்ணப்பம் போட்டிருந்தேன். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"யாரு தேர்வு பண்றது?"

"அவதான்."

"அப்பறம் என்ன, கிடைச்ச மாதிரிதான்."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "இன்னும் ரெண்டு பேர் வர்றாங்களாம்," என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்து ஸ்மில்யாவிடமிருந்து எனக்கு ஓர் அட்டை வந்தது. வீடு நன்றாக இருக்கிறதாம், சன்னலைத் திறந்தால் மலை தெரிகிறதாம். ராதேவுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். தகுதிகாண் பருவம் இரண்டு வருடம்.